வில்பர் ரைட்: வானில் சமநிலையைக் கற்றுத் தந்த மனிதர்

ஆகாய விமானத்தைக் கண்டுபிடித்தவர்கள் யார் என்று வினவினால் ஆரம்பப் பாடசாலை மாணவரும் ரைட் சகோதரர்கள் என உடனே விடை பகர்வர். ஆனால், அவர்கள் உண்மையில் எதனைக் கண்டுபிடித்தார்கள் என்று கேட்டால் பெரியவர்களும் சற்றுத் தயங்கவே செய்வர். இறக்கையை அவர்கள் கண்டுபிடிக்கவில்லை. ஆங்கிலேயரான சேர் ஜோர்ஜ் கேலி என்பவர் 1799ஆம் ஆண்டிலேயே அசையாத இறக்கை, வால், உந்துவதற்கெனத் தனியானதோர் ஏற்பாடு ஆகியவற்றைக் கொண்ட பறக்கும் சாதனமொன்றின் உருவத்தைச் சிறியதொரு வெள்ளித் தட்டிலே பொறித்து வைத்திருந்தார். இயந்திரத்தையும் அவர்கள் கண்டுபிடிக்கவில்லை. பெற்றோலில் இயங்கும் மோட்டார் வாகனங்கள் அவர்களுடைய இளமைக் காலத்திலேயே வீதிகளில் ஓடத் தொடங்கிவிட்டன.

அவர்கள் உலகுக்கு அளித்தது வேறொன்று. வானில் எழுந்த இயந்திரத்தை அங்கே கவிழாமல் வைத்திருப்பதும், விரும்பிய திசைக்குத் திருப்புவதும், உயிருடன் தரையிறக்குவதும் எப்படி என்ற அறிவே அது. அந்த அறிவின் மூலக்கருவை முதலில் பற்றிக்கொண்டவர் சகோதரர்களில் மூத்தவரான வில்பர் ரைட் ஆவார். நாற்பத்தைந்து வயதிலேயே மறைந்துவிட்ட அவருடைய வாழ்க்கை, பொறுமை எத்தகைய பேறுகளைத் தரவல்லது என்பதற்குச் சான்றாகும். பெற்ற பேற்றைத் தமக்கே உரியதாக்கிக் காக்க முனைவது ஒருவரின் எஞ்சிய ஆயுளை எவ்வாறு தின்றுவிடும் என்பதற்கும் அது சான்றாகும்.

ஆயரின் இல்லத்தில்

வில்பர் 1867ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் திகதி ஐக்கிய அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் மில்வில் என்னும் சிற்றூருக்கு அருகே பிறந்தார். தம்பி ஓர்வில் 1871ஆம் ஆண்டு ஓகஸ்ட் 19ஆம் திகதி ஒஹையோ மாநிலத்தின் டேட்டன் நகரிலே பிறந்தார். தந்தையார் மில்ட்டன் ரைட் கிறிஸ்தவ திருச்சபையொன்றின் ஆயர். தாயார் சூசன், வண்டி செய்யும் தொழிலாளி ஒருவரின் மகள். வீட்டில் ஏதேனும் பழுதடைந்தால் பிள்ளைகள் தந்தையிடம் செல்வதில்லை. கருவிகளைக் கையாளும் திறன் படைத்த தாயிடமே செல்வார்கள்.

1878ஆம் ஆண்டில் தந்தையார் பயணமொன்றிலிருந்து திரும்புகையில் தக்கை, மூங்கில், கடதாசி ஆகியவற்றால் செய்யப்பட்டு இறப்பர் நாடாவின் முறுக்கினால் மேலெழும் பொம்மையொன்றைக் கொண்டு வந்தார். பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்த அல்போன்ஸ் பெனோ வகுத்த மாதிரியை ஒட்டியது அது. அந்தப் பொம்மை உடைந்த பின்னர் சிறுவர்கள் இருவரும் தாமே அதைப்போன்றவற்றைச் செய்து பறக்கவிட்டனர்.

வில்பர் படிப்பில் சிறந்து விளங்கினார். யேல் பல்கலைக்கழகத்துக்கு அவரை அனுப்பும் எண்ணம் குடும்பத்தினருக்கு இருந்தது. ஆனால், பதினெட்டு வயதளவில் பனிக்கட்டி மீது ஹொக்கி விளையாடிக் கொண்டிருந்தபோது ஒருவரின் மட்டை முகத்தில் பட்டு முன்பற்களை இழந்தார். காயம் ஆறினாலும் மனம் தேறவில்லை. பல்கலைக்கழக எண்ணம் கைவிடப்பட்டது. ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் அவர் வீட்டிலேயே அடைந்திருந்து, காசநோயால் நலிந்துகொண்டிருந்த தாயாரைப் பராமரித்தார். எஞ்சிய நேரத்தில் தந்தையாரின் நூலகத்தில் இருந்த நூல்களை வாசித்தார். 1889ஆம் ஆண்டில் தாயார் மறைந்தார். பட்டம் எதனையும் பெறாத இந்த மனிதர் பிற்காலத்தில் பொறியியலாளர்களின் சபையில் எழுந்து பேசும் தகுதியைப் பெற்றமைக்கு அந்த மூன்று ஆண்டு வாசிப்பே அடித்தளம் எனலாம்.

பின்னர் சகோதரர்கள் இருவரும் அச்சகம் நடத்தினர். 1892ஆம் ஆண்டில் சைக்கிள் கடை ஒன்றைத் திறந்தனர். 1896 முதல் தாமே சைக்கிள்களைத் தயாரித்தும் விற்றனர்.

முன்னோடிகளின் முடிவு

அதே 1896ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் ஜேர்மனியிலிருந்து ஒரு மரணச் செய்தி வந்தது. ஒட்டோ லிலியென்தால் என்ற பொறியியலாளர் தாம் செய்த இயந்திரமற்ற மிதவை விமானங்களில் குன்றுகளின் மீதிருந்து சுமார் 2,000 தடவைகள் பறந்தவர். வளைந்த இறக்கை தட்டையான இறக்கையைவிட மேலானது என்பதை அளந்து காட்டியவர். ஒருநாள் எதிர்பாராத காற்று மோதி விமானத்தின் மூக்கு மேலெழுந்தது, வேகம் தணிந்தது, அவர் தரையில் வீழ்ந்து மறுநாள் உயிர்நீத்தார். அவர் தம் உடலை முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் அசைத்தே விமானத்தைச் சமநிலைப்படுத்தி வந்தார். பலத்த காற்றுக்கு முன்னால் மனித உடலின் அசைவு போதுமானதாக இருக்கவில்லை. 1899ஆம் ஆண்டில் பிரித்தானியரான பேர்சி பில்ச்சரும் வானிலிருந்து வீழ்ந்து மாண்டார்.

பறத்தலில் ஆளுகையின் இன்றியமையாமை இவர்களுக்கும் முந்திய காலத்திலேயே உணரப்பட்டதொன்று. 9ஆம் நூற்றாண்டில் முஸ்லிம் ஸ்பெயினின் குர்துபா நகரில் வாழ்ந்த அறிஞரான அப்பாஸ் இப்னு பிர்னாஸ், இறகுகளைப் பூண்டு சிறிது தூரம் பறந்ததாகவும் இறங்கும்போது முதுகில் காயமுற்றதாகவும் பல நூற்றாண்டுகளுக்குப் பின் வரலாற்றாசிரியர் அல் மக்கரி எழுதி வைத்தார். பறவை இறங்கும்போது வாலைப் பயன்படுத்துகிறது என்பதை அவர் கவனியாது, தமக்கு வால் அமைக்கத் தவறியதே காரணம் என்பது அந்தக் குறிப்பு கூறும் விளக்கமாகும். மேலே செல்வதிலும் பார்க்க அங்கே தன்னை ஆள்வதே கடினம் என்ற பாடம் அதில் அடங்கியுள்ளது.

லிலியென்தாலின் மரணம் வில்பரின் சிந்தனையைத் தூண்டியது. 1899ஆம் ஆண்டு மே 30ஆம் திகதி அவர் வொஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்குக் கடிதம் எழுதி, பறத்தல் பற்றி வெளிவந்துள்ள ஆக்கங்களை அனுப்பி உதவுமாறு கேட்டார். கிடைத்தவற்றை வாசித்தபின் அவருக்கு ஒன்று தெளிவாயிற்று. இறக்கையைப் பற்றியும் இயந்திரத்தைப் பற்றியும் பலர் ஆராய்ந்திருந்தனர். சமநிலையையும் ஆளுகையையும் பற்றி எவரும் போதியளவு ஆராயவில்லை. லிலியென்தால் ஐந்தாண்டுக் காலத்தில் வானில் இருந்த நேரம் எல்லாவற்றையும் கூட்டினாலும் சுமார் ஐந்து மணித்தியாலமே என்று வில்பர் கணக்கிட்டார். ஐந்து மணித்தியாலப் பயிற்சியுடன் சன நெரிசல் மிக்க நகர வீதியில் சைக்கிள் ஓட்டவும் எவரும் துணியார். ஆகவே, முதலில் பயிற்சி. அதன் பின்னரே இயந்திரம் என்பது அவருடைய முடிவாயிற்று.

பறவையும் சைக்கிளும்

அக்காலத்து ஆராய்ச்சியாளர்களில் பலர் விமானத்தைக் கப்பலைப் போல எண்ணினர். அது தானாகவே நிமிர்ந்து நிற்க வேண்டும். சுக்கானைத் திருப்பினால் தட்டையாகவே திரும்ப வேண்டும் என்பது அவர்கள் எதிர்பார்ப்பு. வில்பர் சைக்கிள் தொழிலாளி. சைக்கிள் தானாக நிற்பதில்லை. ஓட்டுபவரே ஒவ்வொரு கணமும் அதைச் சமநிலையில் வைத்திருக்கின்றார். திரும்பும்போது திரும்பும் பக்கம் சாய்கின்றார். ஆகவே, தானாகக் கவிழாத இயந்திரத்தைத் தேடுவதைவிட, கவிழாமல் காக்கும் வழியை ஓட்டுபவரின் கையில் கொடுப்பதே மேல் என்று அவர் கருதினார்.

ஓட்டுபவர் ஆள வேண்டிய அசைவுகள் மூன்று. மூக்கு மேலும் கீழும் அசைவது ஒன்று. ஓர் இறக்கை தாழ மற்றையது உயர்வது இரண்டாவது. மூக்கு இடப்புறமாகவோ வலப்புறமாகவோ திரும்புவது மூன்றாவது. முதலாவதற்கு எலிவேட்டர் எனப்படும் கிடைத் தகடும், மூன்றாவதற்குச் சுக்கானும் உதவும் என்பது பலருக்குத் தெரிந்திருந்தது. இரண்டாவதற்கான வழியே தெரியாதிருந்தது. வட்டமிடும் பறவைகளைக் கவனித்த வில்பர், அவை காற்றினால் ஒருபுறம் சாயும்போது இறக்கை நுனிகளை எதிரெதிராக முறுக்கிச் சமநிலையை மீட்கின்றன என்பதைக் கண்டார்.

மரத்தாலும் துணியாலும் ஆன இறக்கைகளை எவ்வாறு முறுக்குவது? 1899ஆம் ஆண்டுக் கோடையில், சைக்கிள் டியூப் வைத்திருந்த நீண்ட கடதாசிப் பெட்டியொன்றைக் கையில் வைத்திருந்த வில்பர், அதன் எதிரெதிர் மூலைகளை அழுத்தியபோது பெட்டி முழுவதும் முறுகுவதைக் கண்டார். இரு தட்டு இறக்கைகளும் அவ்வாறே முறுகக்கூடியவை என்பது அவருக்குப் புலனாயிற்று. சில வாரங்களிலேயே ஐந்து அடி அகலமுள்ள பட்டமொன்றைச் செய்து கயிறுகளால் அதன் இறக்கைகளை முறுக்கிப் பரீட்சித்தார். அது அவருடைய சொற்படி சாய்ந்து நிமிர்ந்தது.

1900ஆம் ஆண்டில் சகோதரர்கள் இடைவிடாத காற்றும் மென்மணலும் உள்ள வட கரோலினாக் கடற்கரையின் கிட்டி ஹோக் கிராமத்துக்குத் தமது முதலாவது மிதவை விமானத்தைக் கொண்டு சென்றனர். மூக்கை ஆளும் கிடைத் தகட்டை அவர்கள் வாலில் வைக்காமல் இறக்கைக்கு முன்னால் வைத்தனர். லிலியென்தாலுக்கு நேர்ந்தது தமக்கும் நேரலாகாது என்ற எண்ணத்தினாலேயே வில்பர் அவ்வாறு செய்தார். மறு ஆண்டில் விமானத்தின் வேகம் தணிந்து அது வானில் தத்தளித்தபோது, தலைகுப்புற விழாமல் தட்டையாகவே தரையிறங்கி அவருயிர் காத்தது அந்த ஏற்பாடேயாகும்.

தோல்வி தந்த அளவுகோல்

1901ஆம் ஆண்டு மிதவை விமானம் பெரிய ஏமாற்றத்தையே தந்தது. கணக்கின்படி கிடைக்க வேண்டிய தூக்குவிசையில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கே கிடைத்தது. அத்துடன், இறக்கையை முறுக்கினால் சில வேளைகளில் விமானம் எதிர்ப்பக்கமாகவே திரும்பிற்று. மனம் சோர்ந்து வீடு திரும்பும் வழியில், தமது வாழ்நாளில் மனிதன் பறக்கப் போவதில்லை என்ற கருத்தை வில்பர் தம்பியிடம் வெளியிட்டார்.

அச்சோர்வு நீடிக்கவில்லை. அவ்வாண்டு செப்டெம்பரில், பறத்தல் ஆராய்ச்சியாளர்களுக்கு ஊக்கமளித்து வந்த மூத்த பொறியியலாளர் ஒக்டேவ் ஷனூட்டின் அழைப்பை ஏற்று, சிக்காகோ நகரில் பொறியியலாளர் சங்கமொன்றில் வில்பர் உரையாற்றினார். முன்னோர் தந்த அட்டவணைகளில் தமக்குள்ள ஐயத்தை அங்கே துணிந்து எடுத்துரைத்தார். ஐயத்தைச் சொல்லிவிட்டு வாளாவிருக்கவும் இல்லை. டேட்டனில் உள்ள சைக்கிள் கடையின் மேல்மாடியில் ஆறு அடி நீளமான மரப்பெட்டி ஒன்றைச் செய்து, ஒரு முனையில் விசிறியைப் பொருத்திக் காற்றுச் சுரங்கம் அமைத்தனர். அதனுள்ளே சைக்கிள் கம்பிகளாலும் வாளலகுத் துண்டுகளாலும் ஆன தராசு. சிறு தகடுகளை வெட்டி வளைத்துச் செய்த சுமார் 200 மாதிரி இறக்கைகள் ஒவ்வொன்றாக அதில் பரீட்சிக்கப்பட்டன.

ஓர் இறக்கை தரும் தூக்குவிசை, அதன் பரப்பு, காற்றின் வேகம், காற்றை அது எதிர்கொள்ளும் கோணம், அதன் வடிவம் ஆகியவற்றைப் பொறுத்தது. வேகம் இருமடங்கானால் தூக்குவிசை நான்கு மடங்காகும். கோணம் அதிகரிக்க விசையும் அதிகரிக்கும். ஆனால், ஓர் எல்லைக்கு அப்பால் இறக்கையின் மேற்பரப்பை ஒட்டி ஓடும் காற்று பிரிந்து குழம்பிவிட, தூக்குவிசை திடீரெனக் குன்றும். இவற்றைக் கணக்கிட 18ஆம் நூற்றாண்டு முதல் கையாளப்பட்டு வந்த மாறிலி 0.005 ஆக இருந்தது. அது மிகை என்பதையும், சரியான பெறுமானம் 0.0033 அளவினதே என்பதையும் சகோதரர்கள் கண்டறிந்தனர். குட்டையான அகன்ற இறக்கையைவிட நீண்டு ஒடுங்கிய இறக்கையே பயனுடையது என்பதும் புலனாயிற்று.

சுக்கானின் இரகசியம்

இந்த அளவீடுகளின்படி செய்யப்பட்ட 1902ஆம் ஆண்டு மிதவை விமானத்தின் இறக்கை 32 அடி நீளமானது. எதிர்பார்த்த தூக்குவிசை கிடைத்தது. எனினும் பழைய குறையொன்று எஞ்சி நின்றது. ஓர் இறக்கையைக் கூடிய கோணத்துக்கு முறுக்கினால் அது கூடுதலாக மேலெழும். அதேவேளை காற்றின் தடையையும் கூடுதலாகச் சந்திக்கும். அதனால் அந்தப் பக்கம் பின்தங்க, மூக்கு எதிர்த்திசைக்கு இழுபடும். இதனைத் தடுக்கப் பின்னால் அசையாத செங்குத்துத் தகடுகளைப் பொருத்தினர். ஆனால், விமானம் பக்கவாட்டில் வழுக்கும்போது அந்தத் தகடுகளே காற்றை வாங்கி, தாழ்ந்த இறக்கையை மணலுக்குள் சுழற்றிச் செருகின.

உறக்கம் வராத ஓரிரவில், அந்தத் தகட்டை அசையக்கூடியதாக்கினால் என்ன என்ற யோசனை ஓர்விலுக்குத் தோன்றியது. மறுநாள் அதைக் கேட்ட வில்பர், இறக்கையை முறுக்கும் அமைப்புடன் அதை இணைத்துவிட்டால் விமானிக்கு வேலை குறையும் என்றார். ஒருவரின் யோசனை மற்றவரின் திருத்தத்தால் முழுமை பெறுவது இவர்களிடம் வழக்கமானதொன்று. அந்த மாற்றத்துடன் மூன்று அசைவுகளும் விமானியின் ஆளுகைக்குள் வந்தன. கப்பலில் திருப்புவதற்கென இருக்கும் சுக்கான், விமானத்தில் திருப்பத்தைச் செம்மை செய்வதற்கே முதன்மையாகப் பயன்படுகின்றது. விமானத்தைத் திருப்புவது சாய்ந்த இறக்கையின் தூக்குவிசையே. இன்று விமானப் பயிற்சி பெறும் மாணவர் ஆரம்ப நாட்களிலேயே கற்கும் இப்பாடம் 1902ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில் அந்த மணற்குன்றுகளில் கற்கப்பட்டதாகும்.

59 செக்கன்கள்

இயந்திரத்தைப் பற்றி அவர்கள் சிந்தித்தது அதன் பின்னரே. கடையின் பணியாளரான சார்ள்ஸ் டெய்லர் சுமார் 12 குதிரைவலு கொண்ட இலேசான இயந்திரத்தைச் செய்து முடித்தார். காற்றைத் தள்ளும் புரொப்பெல்லர் என்பது சுழன்று செல்லும் ஓர் இறக்கையே என்பதை உணர்ந்த சகோதரர்கள், தமது அட்டவணைகளைக் கொண்டே அதனையும் வடிவமைத்தனர்.

அதேகாலத்தில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் செயலாளரும் புகழ்பெற்ற விஞ்ஞானியுமான சாமுவேல் லாங்லி, அமெரிக்க யுத்தத் திணைக்களம் வழங்கிய 50,000 டொலருடன் பெரிய விமானமொன்றைச் செய்திருந்தார். அதன் இயந்திரம் 52 குதிரைவலு கொண்டது. 1903ஆம் ஆண்டு டிசெம்பர் 8ஆம் திகதி படகின் மேலிருந்து செலுத்தப்பட்ட அவ்விமானம் பொட்டோமக் ஆற்றில் வீழ்ந்து நொறுங்கியது. ரைட் சகோதரர்கள் செலவிட்டதோ 1,000 டொலருக்கும் குறைவு. ஆற்றலை முதலில் தேடியவருக்கும் ஆளுகையை முதலில் தேடியவருக்கும் இடையிலான வேறுபாட்டை அந்த டிசெம்பர் மாதம் உலகுக்குக் காட்டிற்று.

டிசெம்பர் 14ஆம் திகதி நாணயம் சுண்டி வென்ற வில்பர் முதலில் முயன்றார். மூக்கை அளவுக்கு மீறி உயர்த்தியதால் விமானம் வேகமிழந்து மணலில் அமர்ந்தது. மூன்று நாட்களின் பின்னர், 17ஆம் திகதி காலையில் ஓர்வில் 12 செக்கன்களில் 120 அடி தூரம் பறந்தார். அன்றைய நான்காவது பறப்பில் வில்பர் 59 செக்கன்களில் 852 அடி தூரம் சென்றார். சற்று நேரத்தில் காற்று அவ்விமானத்தைப் புரட்டிச் சிதைத்தது. அது மீண்டும் பறக்கவேயில்லை.

அடுத்த இரு ஆண்டுகளும் டேட்டனுக்கு அருகிலுள்ள மாட்டு மேய்ச்சல் வெளியொன்றில் பயிற்சி தொடர்ந்தது. 1904 செப்டெம்பர் 20ஆம் திகதி வில்பர் முதலாவது முழுவட்டத்தை நிறைவு செய்தார். சுக்கானை இறக்கை முறுக்கிலிருந்து பிரித்துத் தனியே இயக்குவதும், கூர்மையான திருப்பத்தில் வேகம் குன்றினால் மூக்கைத் தாழ்த்தி மீள்வதும் 1905இல் கற்கப்பட்டன. அவ்வாண்டு ஒக்டோபர் 5ஆம் திகதி வில்பர் 39 நிமிடங்கள் வானில் நின்று 24 மைல் தூரம் பறந்தார். நடைமுறைக்கு உதவும் விமானம் அன்றே பிறந்தது எனக் கூறுதல் பொருந்தும்.

ஐயம் அகன்ற நாள்

இதன்பின் இரண்டரை ஆண்டுகளுக்கு மேலாக அவர்கள் பறக்கவில்லை. ஒப்பந்தம் கைச்சாத்திடப்படும் வரை விமானத்தை எவருக்கும் காட்டுவதில்லை என்று முடிவு செய்தனர். பார்த்தவுடன் மற்றவர்கள் பிரதி செய்துவிடுவர் என்ற அச்சமே காரணம். விளைவாக, அவர்களை ஏமாற்றுக்காரர்கள் என்று ஐரோப்பியப் பத்திரிகைகள் சில ஏளனம் செய்தன.

1908இல் வில்பர் தனியாகப் பிரான்ஸ் சென்றார். பெட்டிகளில் வந்த விமானம் சேதமுற்றிருந்தது. வாரக்கணக்கில் பாடுபட்டு அதைச் சீர்செய்தார். இயந்திரத்தின் கொதிநீர் பட்டுக் கையும் வெந்தது. ஓகஸ்ட் 8ஆம் திகதி லெ மான் நகருக்கு அருகேயுள்ள குதிரைப் பந்தயத் திடலில் கூடியிருந்தோர் முன்னிலையில் அவர் பறந்தது இரண்டு நிமிடத்துக்கும் குறைவே. ஆயினும், பறவையைப் போல் ஒருபுறம் சாய்ந்து அவர் வட்டமிட்டதைக் கண்டு, தட்டையாகவே திரும்பிப் பழகியிருந்த பிரெஞ்சு விமானிகள் வியப்படைந்தனர். மறு ஆண்டில் ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடக்கவிருந்த லூயி பிளேரியோவும் அங்கிருந்தார். ஏளனம் செய்தவர்கள் பகிரங்கமாகத் தமது தவறை ஏற்றனர்.

அந்தப் புகழின் நடுவே துயரச் செய்தி வந்தது. செப்டெம்பர் 17ஆம் திகதி வொஷிங்டன் அருகே ஓர்வில் செலுத்திய விமானத்தின் புரொப்பெல்லர் வெடித்து, சுக்கானைத் தாங்கிய கம்பியைத் துண்டிக்க, விமானம் வீழ்ந்தது. உடன் சென்ற லெப்டினன்ட் தோமஸ் செல்பிரிட்ஜ் உயிரிழந்தார். ஓர்வில் படுகாயமடைந்தார். வில்பர் மிகவும் கலங்கினார். எனினும், சில நாட்களிலேயே மீண்டும் வானில் ஏறினார். டிசெம்பர் 31ஆம் திகதி 2 மணித்தியாலமும் 20 நிமிடமும் பறந்து மிச்செலின் கிண்ணத்தை வென்றார். 1909இல் பிரான்சின் போ நகரிலும் பின்னர் இத்தாலியின் ரோம் நகரிலும் மாணவர்களைப் பக்கத்தில் அமர்த்திப் பறக்கக் கற்பித்தார். மன்னர்கள் வந்து பார்த்துச் சென்றனர். விமானத்துக்கு அருகே கொட்டகையில் உறங்கி வந்த அந்த மனிதரின் எளிமை மாறவில்லை. அவ்வாண்டு ஒக்டோபரில் நியூயோர்க்கின் ஹட்சன் ஆற்றின் மேலாக அவர் பறந்ததை இலட்சக்கணக்கான மக்கள் கண்டனர்.

நீதிமன்றங்களில் கழிந்த நாட்கள்

இறக்கை நுனிகளின் கோணத்தை மாற்றுவதுடன் சுக்கானையும் இயைபுபடுத்தி விமானத்தை ஆளும் முறைக்கு 1906 மே மாதத்தில் அமெரிக்க ஆக்கவுரிமை கிடைத்திருந்தது. கிளென் கேர்ட்டிஸ் என்ற விமானத் தயாரிப்பாளர், இறக்கையை முறுக்காமல், எய்லரன் எனப்படும் தனியான அசையும் தகடுகளைப் பயன்படுத்தினார். வடிவம் வேறானாலும் தத்துவம் தம்முடையதே என்பது சகோதரர்களின் வாதம். 1909 முதல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வழக்குகள் தொடரப்பட்டன.

அவர்களின் பக்கத்தில் நியாயம் இருக்கவில்லை எனக் கூறமுடியாது. பல ஆண்டுகள் உயிரைப் பணயம் வைத்துத் தேடிய அறிவைப் பிறர் இலாபத்துக்குப் பயன்படுத்துவதை அவர்களால் ஏற்க முடியவில்லை. 1914இல் அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றமும் அவர்களுக்குச் சார்பாகவே தீர்ப்பளித்தது. ஆனால் அதற்குக் கொடுத்த விலை பெரிது. கணக்கும் காற்றும் நிறைந்திருந்த வில்பரின் நாட்களைச் சட்டத்தரணிகளும் சாட்சியங்களும் நிரப்பின. அறிவைத் தயங்காமல் பகிர வேண்டும் என்று கருதிய முதுபெரும் நண்பர் ஷனூட்டுடன் மனக்கசப்பு ஏற்பட்டது. 1910 நவம்பரில் ஷனூட் மறைந்தார். 1911இல் வழக்குகளுக்காகப் பல மாதங்களை ஐரோப்பாவில் கழித்தார். அந்தக் காலத்தைப் பரிசோதனைகளில் செலவிட முடியாமற் போனதை எண்ணித் தமது கடிதமொன்றில் அவரே வருந்தியுள்ளார். இதற்கிடையில் ஐரோப்பிய வடிவமைப்பாளர்கள் அவரைக் கடந்து முன்னேறினர். எலிவேட்டரை வாலுக்குக் கொண்டு சென்றனர். தானாக நிலைகொள்ளும் இயல்பையும் விமானிக்குரிய ஆளுகையையும் ஒருங்கே இணைத்தனர்.

இருவரும் ஒரே விபத்தில் மாண்டால் ஆராய்ச்சி நின்றுவிடும் என்பதால் சகோதரர்கள் இணைந்து பறப்பதைத் தவிர்த்தே வந்தனர். தந்தையாரின் அனுமதியுடன் ஒரேயொரு தடவை, 1910 மே 25ஆம் திகதி, ஆறு நிமிடங்கள் சேர்ந்து பறந்தனர். 81 வயதான தந்தையாரும் அன்று ஓர்விலுடன் முதன்முறையாக வானில் ஏறி, இன்னும் உயரச் செல்லுமாறு மகனைத் தூண்டினார்.

மறைவும் எச்சமும்

1912 மே மாதத் தொடக்கத்தில் பொஸ்டன் பயணத்திலிருந்து திரும்பிய வில்பருக்குக் காய்ச்சல் கண்டது. அது நெருப்புக் காய்ச்சல் என அறியப்பட்டது. அசுத்தமான நீராலும் உணவாலும் பரவும் அந்நோய்க்கு அக்காலத்தில் பயன்தரும் மருந்து இல்லை. மே 30ஆம் திகதி அதிகாலை, தந்தையாரின் இல்லத்திலேயே அவருயிர் பிரிந்தது. ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்கு அவர் முதற் கடிதத்தை எழுதிச் சரியாகப் பதின்மூன்று ஆண்டுகள் நிறைவுற்ற நாள் அது. அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை.

ஓர்வில் 1915இல் கம்பனியை விற்றார். 1917இல் அமெரிக்கா உலகப் போரில் குதித்தபோது, ஆக்கவுரிமைகளை எல்லாத் தயாரிப்பாளர்களும் பகிரும் ஏற்பாடு அரசாங்கத்தின் தூண்டுதலால் செய்யப்பட்டு வழக்குகள் ஓய்ந்தன. விமானம் பிறந்த நாட்டின் விமானிகள் அப்போரில் பெரும்பாலும் பிரெஞ்சு விமானங்களிலேயே போரிட நேர்ந்தது. அந்தப் பின்னடைவுக்கு வழக்குகள் எந்தளவுக்குக் காரணம் என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு.

முதலில் பறக்கக்கூடிய விமானத்தைச் செய்தவர் லாங்லியே என ஸ்மித்சோனியன் நிறுவனம் நெடுங்காலம் சாதித்து வந்தமையால், 1903ஆம் ஆண்டு விமானத்தை ஓர்வில் 1928இல் லண்டன் விஞ்ஞான அரும்பொருட்காட்சியகத்துக்கு அனுப்பிவிட்டார். 1942இல் நிறுவனம் தன் கூற்றை மீளப் பெற்றது. ஓர்வில் 1948 ஜனவரியில் காலமானார். அதே ஆண்டு டிசெம்பர் 17ஆம் திகதி விமானம் வொஷிங்டனில் வைக்கப்பட்டது.

இறக்கையை முறுக்கும் முறை மறைந்து ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகிவிட்டது. இன்றைய பெரிய விமானங்களில் விமானியின் கட்டளையைக் கணினி வாங்கித் தகடுகளுக்குச் சொல்கின்றது. ஆனால், அந்தக் கட்டளைகள் மாறவில்லை. மூக்கை உயர்த்தவோ தாழ்த்தவோ எலிவேட்டர், சாய்க்க எய்லரன், திருப்பத்தைச் செம்மை செய்யச் சுக்கான் என்ற மூன்றுமே பயிற்சி விமானம் முதல் நானூறு பேரைச் சுமக்கும் விமானம் வரை இன்றும் ஆள்கின்றன. வில்பர் நீதிமன்றங்களில் காக்க முனைந்த உரிமை காலாவதியாகிவிட்டது. பயிற்சியில்லாத ஆற்றல் ஆபத்தானது என்பதை உணர்ந்து, ஒவ்வோர் அடியையும் அளந்து வைத்து அவர் தேடிய அறிவு, எவருக்கும் தனியுரிமையற்ற பொதுச் சொத்தாகி, நாள்தோறும் கோடிக்கணக்கான பயணிகளைப் பத்திரமாகத் தரைக்குக் கொண்டு வந்து சேர்க்கின்றது.